வெனிஸ் நகரம் தீவகத்தின் நகலே: மறுக்கவொண்ணாத ஓர் ஆய்வு

தண்ணீரும் பாலமும் சேர்ந்திருக்கும் ஊரைக் கண்டால் அதற்கு வெனிஸ் பட்டம் கட்டிவிடுவது ஐரோப்பியருக்குப் பழகிப்போன வேலை. ஆலப்புழைக்குக் கிழக்கின் வெனிஸ் என்று ஒரு பட்டம், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கின் வெனிஸ் என்று இன்னொன்று. யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் தரவில்லை. எதைப் பார்க்கவென்று சனம் விமானம் ஏறி வெனிஸ் போகிறதோ, அது அத்தனையும் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் முன்னமே இருக்கிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சான்று தேடும் முறை இங்கே கையாளப்படுகிறது. நம் ஊர் வரலாற்று நூல்கள் பலவற்றில் வெற்றி கண்ட முறைதான்.

முதலில் தர்க்கச் சான்று. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்கு ஊர் நினைப்பு வந்திருக்க வேண்டும். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று தங்கள் நாட்டு நகரங்களை வரிசையாகக் கடலில் இறக்கினார்கள். மற்றப் பெயர்களெல்லாம் உப்புக்காற்றில் உதிர்ந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனிக் கவனிக்க: காரைநகர் ஆம்ஸ்டர்டாம். ஆம்ஸ்டர்டாம் வடக்கின் வெனிஸ். காரைநகர் இருப்பதும் வடக்கில். ஆகவே காரைநகரே வெனிஸ். இதில் பிழை காண்பவர் தர்க்கம் படியாதவர்; இல்லாவிட்டால் வேலணைக்காரர்.

நாணயச் சான்று இதைவிட வலியது. வெனிஸ் அரசு 1284 முதல் அடித்த டுக்காட் என்னும் தங்கக்காசு நம் பக்கத்துக் கடலோரச் சந்தைகளில் நெடுங்காலம் புழங்கியது. அதன் ஒரு முகத்தில் டோஜே எனப்படும் வெனிஸ் அதிபர் புனித மாற்குவின் முன் முழந்தாளிட்டு, நீண்ட கொடிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டிருப்பார். நம்மவர்கள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மனிதர் ஒருவர், முழங்கால் மடிந்திருக்கிறது, கையில் நெட்டையாக ஏதோ ஒன்று. பனை ஏறுகிறார், வேறென்ன? தமிழ்நாட்டில் அந்தக் காசுக்குப் பனையேறுவோர் பெயராலேயே பெயர் வழங்கிற்று. ஓர் அரசின் தலைவர் தன் காசிலேயே பனையடியில் நிற்பாரானால், அவ்வரசு பனங்கூடல்களுக்கு நடுவில்தான் இருந்திருக்க வேண்டும். வெனிஸில் பனங்கூடல் இல்லை. நெடுந்தீவில் உண்டு. தளைநாரும் பாளைக்கத்தியும் முட்டியும் படத்தில் காணப்படாமைக்குக் காரணம் காசின் சிறுமை என்று கொள்க.

சுற்றுலாச் சட்டத்திலும் முந்தியவர்கள் நாம்தான். வெனிஸ் நகரசபை பகலில் வந்து போகும் பயணிகளிடம் சில நாள்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024 ஏப்ரல் 25இல். உலகமே வாயைப் பிளந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தது, அதாவது 12ஆம் நூற்றாண்டு. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்ட இக்கல்வெட்டு, பிறநாட்டார் ஊர்காவற்றுறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அரசுக்கு நாலில் ஒரு பங்கு, மிச்சம் உரியவருக்கு; வாணிபப் பண்டம் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வருவதற்குக் கட்டணமில்லை, தங்குவதற்கும் இல்லை, கப்பல் உடைந்தால் மட்டுமே கட்டணம்! நாகரிகமான வரிக்கொள்கை என்றால் இது. வெனிஸ் நகரசபை இதைப் பரிசீலிக்கலாம். கொண்டோலாக்கள் அதிகம் உடைவதில்லை என்பதால் வருமானம்தான் கொஞ்சம் குறையும்.

கொண்டோலா என்றதும் படகியலுக்கு வந்துவிட்டோம். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொண்டோலா சுமார் 11 மீற்றர் நீளம், நிறம் கறுப்பு. படகோட்டி பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பை வலப்பக்கமாகவே வலிப்பதால், படகு வளைந்து ஓடாதிருக்க இடப்பக்கத்தை அகலமாகச் செய்திருக்கிறார்கள். பகலில் அரைமணி நேரத்துக்கு 90 யூரோ, ஐந்து பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் ஐந்து பேர் என்பது படகு வாசலில் நின்று கழன்ற செருப்பைத் தேடுபவர்களின் தொகை.

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைத் தாம்போதியைத் தாண்டி, வேலணையையும் புங்குடுதீவையும் உலுக்கிக்கொண்டு வந்து துறையில் கொட்டும். அங்கே வெள்ளையுடுத்தித் தாமரை மொட்டு ஏந்திய சிங்கள யாத்திரிகர் ஒருபுறம் நிற்பார்கள். அவர்கள் நாகவிகாரைக்கு. அர்ச்சனைத் தட்டோடு அம்மனிடம் போகிறவர்கள் மறுபுறம். இருவருக்கும் நடுவில் ஒரு சைக்கிள், ஒரு காஸ் சிலிண்டர், கால் கட்டிய ஆடு. படகில் இறங்கும் வழி ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடியது. அதற்குள் குனிந்து படியிறங்கினால் பலகை இருக்கைகளும் டீசல் மணமும். வெயிலில் நிறம் வெளுத்த செம்மஞ்சள் அங்கியொன்றைக் கையில் திணிப்பார்கள். அதன் நாடா மற்றவர் அங்கியின் நாடாவோடு சிக்கியிருக்கும்; அதனால் கடலில் விழுந்தாலும் தனியே விழ முடியாது. “உள்ளுக்க போங்கோ அம்மா, உள்ளுக்க இடம் கிடக்கு” என்று மேலிருந்து குரல் வரும். இடம் கிடப்பதில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். கொண்டோலாக்காரர் சிலர் பாடுவதுண்டு என்பார்கள். இங்கே அந்தப் பொறுப்பை எஞ்சின் ஏற்றிருக்கிறது, நயினாதீவு இறங்குதுறை வரும்வரை ஒரே சுருதியில்.

உணவு, இசை ஆகியவற்றுக்கு அதிக ஆய்வு தேவையில்லை. வெனிஸின் மாற்கு சதுக்கத்தில் 1720 முதல் இயங்கும் புளோரியன் கோப்பிக்கடையில், வெளியே வாத்தியம் வாசிக்கும் வேளை உட்கார்ந்தால் கோப்பி விலையோடு இசைக்கும் தனியாகக் காசு வைக்க வேண்டும். நயினாதீவில் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். திருவிழாக் காலத்தில் நாதஸ்வரமும் தவிலும் காது நிறையக் கிடைக்கும். பில் வராது. இரண்டாம் முறை சோறு வேண்டாமென்றால்தான் கோபிப்பார்கள்.

சிறைகளும் ஒன்றே. வெனிஸின் ஈயக்கூரைச் சிறையிலிருந்து காஸநோவா 1756இல் தப்பியோடியதால் அந்த அறையைப் பார்க்கச் சனம் வரிசையில் நிற்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை போர்த்துக்கீசர் எழுப்பி ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1971 கிளர்ச்சிக்குப் பின் அங்கேயும் கைதிகள் இருந்தார்கள். இப்போது கடற்படை அதை விடுதியாக்கி, காசு கொடுத்துத் தங்கவே விடுகிறது. புறாக்கள்? மாற்கு சதுக்கத்துப் புறாக்களுக்குத் தீனி போட 2008இல் தடை விதித்தார்கள். நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு இன்றும் பொந்து பொந்தாக நிற்கிறது. புறாக்கள் முன்னமே போய்விட்டதால் தடைக்குத் தேவை ஏற்படவில்லை.

புவியியலில்தான் தீவகத்தின் மேன்மை தெளிவாகத் தெரிகிறது. வெனிஸ் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அமிழ்கிறது. 1902 யூலை 14இல் அதன் புகழ்பெற்ற மணிக்கூண்டே பொலபொலவென்று சரிந்து விழ, 1912இல் திரும்பக் கட்டி நிறுத்தினார்கள். கடல் பெருகினால் தடுக்க 78 இரும்பு வாயில்களைக் கடலடியில் போட்டு 2020இல் முதன்முறை உயர்த்தினார்கள். நெடுந்தீவிலோ ஒரு கல் வளர்கிறது. பவளக் கல்தான், ஆண்டுதோறும் உயரம் கூடுகிறது என்பது ஊரார் நம்பிக்கை, வணங்கவும் செய்கிறார்கள். அளந்தார்களா என்று கேட்கும் அறிவியல்வாதிக்கு ஒரு பதில்: வெனிஸில் அளக்க அளக்க ஊர் கீழே போகிறது. அளக்காத இடத்தில் கல் மேலே வருகிறது. எந்த முறை நல்லது?

விரும்பாத ஒற்றுமை ஒன்றும் உண்டு. 1951இல் வெனிஸின் பழைய நகரில் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழ். வீடுகள் பயணிகளுக்கு வாடகை அறைகளாகிவிட்டன. தீவகத்தை வெறுமையாக்கியது சுற்றுலாவன்று. 1990இல் இராணுவம் இறங்கியபோது அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிய சனத்தில் ஒரு பகுதி இன்று பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது. புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் கல்வீடுகளின் சாவி ஐரோப்பாவில் தொங்குகிறது. சூரிச்சிலிருந்து வெனிஸுக்கு ரெயிலில் காலையில் ஏறினால் பின்னேரத்துக்குள் போய்விடலாம். பிள்ளைகள் அங்கே படமெடுக்கிறார்கள், ஆடி மாத விடுமுறையில் இங்கே வந்து பெருக்கமரத்தடியிலும் படமெடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகளாக வந்துபோகும் ஊர் என்ற அளவில் இவ்வாய்வு முழுவதும் உண்மை.

கடைசியாகக் குதிரைகள். மாற்கு ஆலய முகப்பின் நான்கு செம்புக் குதிரைகளும் 1204இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தவை. 1797இல் நெப்போலியன் அவற்றை வெனிஸிடமிருந்து கொள்ளையடித்தான். 1815இல் திரும்பி வந்தன. இப்போது வெளியே நிற்பவை பிரதிகள், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். நெடுந்தீவுக் குதிரைகள் திருட்டுச் சொத்தல்ல. போர்த்துக்கீசர் காலம் தொடங்கிப் பிரித்தானியர் காலம்வரை அங்கே குதிரை வளர்த்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கப்பலேற, குதிரைகள் நின்றுவிட்டன. 2015இல் அவை மேயும் நிலத்தைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்தலைக் குதிரை குடிக்க முடியாது. கோடை நீண்டால் தண்ணீரின்றிச் செத்து விழுகின்றன.

ஆகவே இவ்வாய்வு ஒரு பண்டமாற்றைப் பரிந்துரைக்கிறது. நமது குதிரைகளுக்கு வெனிஸில் தண்ணீர்ப் பஞ்சம் இராது. அவர்களுடைய செம்புக் குதிரைகள் நெடுந்தீவில் நின்றால் தண்ணீர் கேட்கமாட்டா. திட்டத்தை நெடுந்தீவு இறங்குதுறையில் நின்ற ஓட்டோக்கார அண்ணையிடம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டார்.

“செம்போ?” என்றார். “நாலும் முழுச் செம்போ? வேண்டாம் ஐயா. பழைய இரும்புக்காரன் ஒரு கிழமை விடான்.”