ராமனின் விளக்கு எரிந்தது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில், நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயிலுக்காகக் காத்து நிற்கும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவருக்கு டாப்ளர் விளைவு இலவசம். ஹாரன் நெருங்கும்போது சுருதி உயர்ந்து கேட்கும், தாண்டிப் போனதும் தாழ்ந்து கேட்கும். ஆய்வகத்துக்குப் போனால்தான் சிக்கல். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும், சோடியம் விளக்கு எரியாது. விளக்கு எரியும் நாளில் வெர்னியரில் கோடுகள் தேய்ந்திருக்கும். அதனால் என்ன, அலைநீளம் 589 நானோமீட்டர் என்று சீனியரின் ரெக்கார்டு நோட்டு சொல்கிறதே! நாமாக ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக்கொண்டால் பிழைக் கணக்கும் தயார்.

கருவி கேட்டால் பதில் பிப்ரவரி 28-இல், தேசிய அறிவியல் தின மேடையிலிருந்து வரும்: "1928-இல் சி.வி. ராமன் சில நூறு ரூபாய்க் கருவியை வைத்துச் சாதிக்கவில்லையா?" சாதித்தார்தான். கல்கத்தாவில் அவரிடம் 7 அங்குலத் தொலைநோக்கி லென்ஸ் இருந்தது, பாதரச விளக்கும் இருந்தது. அந்த விளக்கு எரிந்தது.

எங்கள் பக்கம் ஊரே கண்கொட்டாமல் பார்க்கும் அளவுக்கருவி நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும். "மிஷினு சரியில்லீங்க, வேற கையளவு நெல்லு போட்டு இன்னொரு வாட்டி பாருங்க" என்பார் விவசாயி. அளவீட்டுப் பிழை பற்றி எந்த வைவாவிலும் இவ்வளவு தெளிவான பதிலை யாரும் சொன்னதில்லை.