நடுப்பெட்டியில் ஒரு புள்ளடி

இலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களில் காணப்படும் மனித வகைகளை முறைப்படி பகுத்தாராய முற்படுபவர், கன்ரீன் மேசையிலேயே பட்டப்படிப்பை முடிப்பவர், பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் நூலகம் எந்தப் பக்கம் என்று கேட்பவர், எந்தக் கூட்டமானாலும் நன்றியுரைக்குப் பெயர் கொடுப்பவர் ஆகியோருக்கு அடுத்ததாக, ஆய்வுக்கழக அங்கத்தவர் என்னும் வகைக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கழகம் எனப்படுவது, இன்னும் பட்டம் பெறாத மாணவர்கள் தம் பாடவிதானத்துக்கு வெளியேயும் ஆராய்ச்சி செய்து பழகும்பொருட்டுக் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கமாகும். அதன் அங்கத்தவர் எனப்படுபவர், அச்சங்கத்தில் ஆராய்ச்சி தவிர்ந்த அனைத்துக் கருமங்களிலும் அயராது ஈடுபடுபவர் ஆவார்.

சங்கத்தின் நோக்கம் நகைப்புக்குரியதன்று. முதற்பட்ட மாணவர் ஏற்கெனவே அறியப்பட்ட விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர், அறியாதவற்றைத் தேடுவது பட்டம் பெற்றோருக்கு உரியது என்ற பழைய ஏற்பாட்டை மாற்றும் வகையில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மார்கரெட் மக்விகார் என்பவர் 1969-ஆம் ஆண்டு, இளமாணவரைப் பேராசிரியர்களின் ஆய்வுகூடங்களுக்குள் இளைய சகாக்களாக அனுப்பும் திட்டமொன்றைத் தொடக்கி வைத்தார். அந்த எண்ணம் பின்னர் உலகின் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இலங்கையிலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பயிலும் மாணவர் இறுதியாண்டில் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், கிணறு வெட்டும் நாளில்தான் மண்வெட்டி பிடிக்கப் பழக வேண்டுமா என்று சிந்தித்தோர் இத்தகைய கழகங்களை ஆங்காங்கே நிறுவினர். மண்வெட்டி வந்து சேர்ந்தது. அதைப் பிடிப்பதற்கு முன்னர் அதற்கொரு செயலாளரைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதும் உடனே உணரப்பட்டது.

இவ்வகையைக் கூர்ந்து நோக்குவதற்கு, மன்னார் நகரை அடுத்த கடற்கரைக் கிராமமாகிய கீரியிலிருந்து புறப்படும் மாணவர் நல்ல மாதிரியாவார். க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றை ‘இசற் புள்ளி’யாக (Z-score) மாற்றிப் பல்கலைக்கழக அனுமதி வழங்கும் முறையில், பல கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுவது நெடுங்கால வழக்கம், மன்னார் அப்பதினாறில் ஒன்று. இவற்றுள் எந்த வாசலால் நுழைந்தவராயினும், கீரியில் அவர் ‘கம்பஸ் கிடைச்ச பெடியன்’ என்ற ஒரே பட்டத்தையே பெறுகிறார். பின்னர் கிடைக்கப்போகும் எந்தப் பட்டமும் ஊரில் இதற்கு ஈடாவதில்லை. 1974-இல் திருநெல்வேலியின் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, 2021-இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ, இன்னும் தொலைவிலுள்ள பேராதனைக்கோ அவர் போய்ச் சேரலாம். சேருமிடம் வேறுபடினும், முதல் வாரத்திலேயே நூலக வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் சிரேஷ்ட மாணவரிடம் அவர் அகப்படுவது மட்டும் மாறுவதில்லை.

மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும். ‘கழகத்தில் இணைவதற்கான காரணம்’ என்ற வினாவுக்கு எல்லா விண்ணப்பதாரரும் ‘அறிவுத் தாகம்’ என்றே எழுதுவர். நான்கு பேர் முன்னால் எழுதியதைப் பார்த்து ஐந்தாமவர் எழுதுவதால் தாகம் ஒரே எழுத்துப்பிழையுடன் பரவுவதும் உண்டு. ‘ஆர்வமுள்ள ஆய்வுத் துறை’ என்ற இடத்தில் நமது மாணவர் சற்றுத் தயங்கி, எதையும் விட்டுவிடலாகாது என்ற முன்னெச்சரிக்கையுடன் ‘அனைத்தும்’ என நிரப்புவார். அதன்பின் அவர் கேட்கும் ஒரே வினா, “அண்ணா, சேட்டிபிக்கற் எப்ப தருவினம்?” என்பதாகும். அவருடைய ஆய்வு வாழ்வில் உண்மையாகவே விடை அறிய விரும்பிக் கேட்கப்பட்ட முதல் வினா இதுவே. நெடுங்காலத்துக்கு ஒரே வினாவும் இதுவே.

கழகத்தின் உயிர்நாடி அதன் யாப்பு ஆகும். யாப்பு என்ற சொல் செய்யுள் கட்டும் முறையை முதன்மையாகக் குறிப்பினும், இலங்கை வழக்கில் அது நாட்டின் அரசியலமைப்பையும் சங்கங்களின் விதித்தொகுப்பையும் சேர்த்தே சுட்டும். ஆய்வுக்கழகத்தைப் பொறுத்தவரை இரு பொருளுக்கும் பெரிய வேறுபாடில்லை, ஏனெனில் இரண்டிலும் சீர் பிரிப்பதிலேயே பொழுது போய்விடும். உபசெயலாளருக்கு வாக்குரிமை உண்டா என்ற விவாதம் மூன்று கூட்டங்களுக்கு நீளும். முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தத்துடன் மீள முன்மொழிதல் ஆகியன முடிந்து, ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தவுடன் சபை ஏகமனதாகக் கலையும். பதினைந்து பேர் கொண்ட கழகத்தில் பதினான்கு பதவிகள் இருப்பதும், பதவி கிடைக்காத பதினைந்தாமவர் மனம் நோகாதிருக்கக் கணக்காய்வாளர் பதவி புதிதாக உருவாக்கப்படுவதும், பொருளாளரிடம் பொருள் இல்லாத கழகத்தில் அவர் கணக்காய்வதும் இத்தகைய கழகங்களின் இயல்பான வளர்ச்சிப் படிகளாம்.

அங்கத்தவரைத் தொலைவிலிருந்தே இனங்காண உதவுவது, அவர் நெஞ்சோடு அணைத்துச் செல்லும் கண்ணாடிப் பைல் ஆகும். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பயணப்பை பேருந்தின் எந்த மூலையில் எத்தனை கருவாட்டுப் பெட்டிக்கு அடியில் கிடந்தாலும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் சங்குப்பிட்டிப் பாலத்துக் காற்று எவ்வளவு அடித்தாலும், அந்தப் பைல் மட்டும் மடியை விட்டு இறங்காது. அதனுள் முதலாவதாக ‘ஆய்வு முறையியல் பற்றிய அரைநாள் செயலமர்வு’க்கான சான்றிதழ் இருக்கும், இரண்டாவது, அச்செயலமர்வை ஒழுங்கமைத்தமைக்கானது, மூன்றாவது, ஒழுங்கமைத்தோரைப் பாராட்டும் வைபவத்தில் வரவேற்புரை நிகழ்த்தியமைக்கானது. அவற்றுக்கு அடியில் ஒரு கட்டு வினாக்கொத்துகள், அதாவது பலரிடமும் ஒரே வரிசையில் கேட்பதற்காக அச்சிட்ட வினாத்தாள்கள், மூலை மடியாமல் கிடக்கும். “மகன் ஆராய்ச்சி செய்யிறான்” என்று தாயார் மதிலுக்கு அப்பால் அறிவிப்பதும், “அப்ப எந்த ஆசுபத்திரியில?” என்று அயலவர் வினவுவதும் அன்று மாலையே நடந்தேறும்.

அவரது கள ஆய்வின் தலைப்பு, ‘மீனவ சமூகத்தின் சமூக பொருளாதார நிலை: கீரிக் கிராமத்தைச் சிறப்பாகக் கொண்டது’ என்பதாகும். தலைப்பின் முற்பகுதி சிரேஷ்ட மாணவர்களிடமிருந்து வழிவழியாக வருவது; ஊரின் பெயர் மட்டும் ஆண்டுதோறும் மாறும். பதிலளிப்போரை அவர் தெரிவு செய்யும் முறைக்கு ‘வசதி மாதிரியெடுப்பு’ என்று பெயர். எல்லா வீடுகளுக்கும் சமவாய்ப்பு அளித்துச் சீட்டுக் குலுக்காமல், ஆய்வாளருக்குக் கைக்கெட்டிய பேர்வழிகளையே கேட்பது அதன் இலக்கணம். கீரியில் கைக்கெட்டிய பேர்வழிகள் எல்லாரும் உறவினராகையால், முதற் பதிலளிப்பவர் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் தாய்மாமனே ஆவார்.

“ஐயா, நீங்கள் இக்கிராமத்தில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கின்றீர்கள்?” என்று அங்கத்தவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்.

“உன்னத் தொட்டிலில போட்டு ஆட்டின ஆளிட்டக் கேக்கிற கேள்வியா இது, மருமகன்?” என்கிறார் மாமா.

எனினும் மாமா அனுபவசாலி. யுத்தம் 2009-இல் முடிந்த பின்னர் வடபகுதியின் கரையோர ஊர்களுக்கு வந்துபோன நிறுவனங்களும் அவற்றின் வினாத்தாள்களும் கொஞ்சமல்ல. கேட்பவர் தொழில் தெரியாமல் வரலாம், பதிலளிப்பவர் தொழில் தெரியாமல் இருப்பதில்லை. அவர் ஊசியை வாயில் கவ்வியபடி தாளை எட்டிப் பார்த்து, “இது மூண்டு பெட்டிக் கடுதாசியா, அஞ்சு பெட்டிக் கடுதாசியா?” என்று விசாரிக்கிறார். ஒரு கூற்றோடு எவ்வளவு உடன்படுகிறீர் என்பதை ‘முற்றாக உடன்படுகிறேன்’ தொடக்கம் ‘முற்றாக உடன்படவில்லை’ வரை ஐந்து படிகளில் அளக்கும் இம்முறையை ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-இல் வெளியிட்டார்; கீரியில் அது பெட்டிகளின் எண்ணிக்கையால் அறியப்படுகிறது. ஐந்து எனத் தெரிந்ததும், “அப்ப எல்லாத்துக்கும் நடுப்பெட்டியில புள்ளடி போட்டிட்டு வா, தேத்தண்ணி ஆறுது, நான் தொழிலுக்குப் போகவேணும்” என்று மாமா ஆய்வை நிறைவு செய்து வைக்கிறார். மற்ற உறவினரும் அவ்வழியே ஒழுக, அறிக்கையின் முடிவுரையில் ‘கீரி மீனவர் வாழ்வின் எல்லாப் பிரச்சினைகள் தொடர்பாகவும் நடுநிலையான மனப்பாங்கைக் கொண்டுள்ளனர், எனவே எமது கருதுகோள் நிறுவப்பட்டது’ எனப் பொறிக்கப்படும். கருதுகோள் என்பது ஆய்வின் தொடக்கத்தில் உண்மையாயிருக்கக்கூடும் எனக் கொண்டு சோதிக்கப்படும் கூற்று; அங்கத்தவரின் கருதுகோளோ முடிவுரைக்குப் பின்னர் எழுதப்படுவதால், அது ஒருபோதும் பிழைப்பதில்லை.

பிழையாமையே இவ்வகையின் தலையாய அடையாளமாகும். இதனை விளங்கிக்கொள்ள மன்னார்க் கடலே ஒரு பழைய மறுதலை உதாரணத்தைத் தருகிறது. முத்துச்சிப்பிகள் திடீரெனப் பெருகுவதும் பல ஆண்டுகள் மறைவதும் ஏன் என்பதை அறிய, பிரித்தானிய அரசு 1902-இல் லிவர்ப்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை இங்கு வரவழைத்தது. அவரும் துணைவர் ஜேம்ஸ் ஹோர்ணெலும் கடலடியைத் துழாவி, சிப்பிகளை ஆயிரக்கணக்கில் அறுத்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களில் அறிக்கை வெளியிட்டனர். நாடாப்புழு ஒன்றின் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவ உயிர், சிப்பிக்குள் புகுவதாலேயே நல்முத்து உருவாகிறது என்பது ஹேர்ட்மனின் கொள்கை. பின்வந்த ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. ஐந்து பாகம் எழுதியவர் தம் மையக் கருத்தில் தவறினார். ஆனால் எங்கே தவறினார் என்று பிறர் காட்டக்கூடிய அளவுக்கு அவர் எதையோ தெளிவாகச் சொல்லியிருந்தார். நடுப்பெட்டியில் புள்ளடி போட்டவரை எவரும் மறுக்க முடியாது. அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் முடியாது.

ஆயினும் இவ்வகைக்குப் பரிகாரமே இல்லை எனக் கொள்வது பொருந்தாது. அது எதிர்பாராத இடத்திலிருந்தும் வரலாம். அரபு வணிகரோடு வந்தவை என்று ஊரார் நம்பும் இரண்டு சொத்துகள் மன்னார்த் தீவில் உண்டு. ஒன்று பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம், மற்றது தெருவெங்கும் உலாவும் கழுதை. பெருக்கமரம் நின்ற இடத்திலேயே நிற்பதால் வினாவுக்கு இடம் தருவதில்லை. கழுதைகளோ மாலையானதும் நகரக் கடைத்தெருவுக்கு வந்து நடுவீதியில் நிற்கும். நீண்ட விடுமுறையில் வினாக்கொத்தும் தீர்ந்து, உறவினரும் தீர்ந்த ஒரு மாலையில், அங்கத்தவர் பேருந்து நிலையத்தருகே நின்றபடி, இவை ஏன் வருகின்றன என்று தம்மையறியாமலே வினவிக்கொள்வார். கடைகள் வீசும் மரக்கறிக் கழிவுக்காகவே வருகின்றன என்பது அவர் கருத்து. கடைகள் பூட்டியிருந்தால் கழுதைகள் வரக்கூடாது என்பது அதிலிருந்து பெறப்படும் எதிர்வுகூறல். கையில் வேறு தாள் இல்லாமையால், வினாக்கொத்தின் பின்புறத்தில் திகதி, நேரம், கழுதைகளின் தொகை என மூன்று கோடு கிழித்து ஒவ்வொரு மாலையும் எண்ணுவார். அந்நேரம் பார்த்து ஒரு ஹர்த்தால் வரும். கடைகள் முழுதாக அடைக்கப்படும். வழக்கமான தொகையில் வழக்கமான இடத்தில் கழுதைகள் வந்து நிற்கும். ஹர்த்தாலுக்கு அவை ஆதரவு வழங்குவதில்லை.

அன்றிரவு அவர் அடைந்த மனக்குழப்பத்தைத் தாயார் காய்ச்சல் என்று எண்ணிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஆழ்ந்து யோசித்தபோது, தார்வீதியின் சூட்டுக்காக வருகின்றனவா, திறந்த வெளியில் நாய்களை முன்கூட்டியே காணலாம் என்பதற்காகவா என்று, ஒரு வினா செத்த இடத்தில் இரண்டு முளைத்திருந்தன. இரண்டையும் எவ்வாறு சோதிப்பது என்று அவர் மாமாவிடம் கேட்டபோது, இம்முறை மாமா பெட்டி எத்தனை என்று விசாரிக்கவில்லை, வலையைக் கீழே வைத்துவிட்டு, “மழைக்குள்ள நிக்குதுகளோ எண்டு பாத்தியோ?” என்று திருப்பிக் கேட்டார்.

கம்பஸ் திரும்பியதும் அங்கத்தவர் அப்பின்பக்கத்தைக் கழகக் கூட்டத்தில் வாசித்தார். தமது கருதுகோள் பிழைத்துவிட்டதென ஒருவர் தாமாக எழுந்து அறிவிப்பது கழக வரலாற்றில் முதன்முறையாகையால், அதனை நிகழ்ச்சிநிரலின் எந்தப் பிரிவில் சேர்ப்பதென்பதில் கருத்து வேறுபாடு எழுந்து, யாப்பு புரட்டப்பட்டு, அதிலும் இடம் காணப்படவில்லை. கூட்ட அறிக்கையில் அது ‘ஏனைய விடயங்கள்’ என்பதன் கீழ், ரோல்ஸ் வாங்கிய கணக்குக்கு அடுத்த வரியாகப் பதியப்பட்டது, சான்றிதழ் வழங்கப்படவில்லை.