மாட்டுக்கு ஒரு பீரோ

மேம்பால வேலை ஆரம்பித்ததிலிருந்து கோரிப்பாளையத்தில் தை பிறந்தாலும் வழி பிறப்பதில்லை, மச்சினன்தான் வருகிறான். மெட்ராஸ்காரன். போகி ராத்திரி வந்து இறங்குவான். தை ஒண்ணாம் தேதி பொங்கல் பொங்குவதற்கு முன்னாலேயே டிவி ரிமோட் அவன் கைக்குப் போய்விடும். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடிந்து, மறுநாள் பாலமேடு முடிந்து, அதற்கு மறுநாள் அலங்காநல்லூரும் முடிகிற வரைக்கும் அதை அவனிடமிருந்து பிடுங்க எந்த மாடுபிடி வீரனாலும் ஆகாது. இந்த வருஷமும் வந்துவிட்டுப் போனான். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. "திமிலைப் புடிடா! கழுத்துக்கு எதுக்குடா போற? இடது பக்கம் அணைஞ்சு போ!" என்று சோபாவிலிருந்தே மாடு பிடிப்பான். மாடு வாடிவாசலைத் தாண்டும் முன்பே, "இது நின்னு விளையாடுற மாடு" என்று ஜாதகம் கணிப்பான். தல்லாகுளத்தில் ஒரு தடவை தெருமாடு ஒன்று எதிரே வந்தபோது இதே ஆள் என் தோளைப் பிடித்த பிடியில் சட்டை கிழிந்தது. திமில் என்று நினைத்திருப்பான் போல. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துத் தமுக்கம் மைதானத்தில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லூர்ப் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலையே மறித்து நின்றார்கள். எங்கள் ஆளும் போராடினான்: வாட்ஸாப் படத்தில் தன் மூஞ்சியை எடுத்துவிட்டுக் காளையை வைத்தான். இன்னும் மாற்றவில்லை. எங்களுக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

இது போதாதென்று அக்கா மகன் இத்தாலியிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். டூரினில் வேலை. அங்கே போனதிலிருந்து எதைக் காட்டினாலும், "மாமா, இதே மாதிரி அங்கயும் ஒண்ணு இருக்கு" என்பான். இட்லியைக் காட்டினாலும் சொல்கிறவன் ஜல்லிக்கட்டைக் காட்டினால் விடுவானா?

விளையாட்டு விஷயத்தில் மதுரைக்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் அடிப்படையான ஒற்றுமை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பரிசு விவகாரத்தை முடித்துவிடுவோம், மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

மூன்று நாளும் காதில் விழுந்தது மைக்காரர் குரல்தான். "மாட்டுக்கு ஒரு பீரோ! ஒரு சைக்கிள்! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு… ஒரு அண்டா! தொட்டுட்டா ஒரு கட்டில்! தொடலையா, மாட்டுக்கே கட்டில்!" மாட்டுக்குக் கட்டில் எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மாடு கேட்டதா? அது நாலு காலையும் மடக்கி வைக்கோலில் படுத்தால் அதற்குச் சொர்க்கம். பீரோ எதற்கு? அதனிடம் இருப்பது ஒரு மூக்கணாங்கயிறு, பொங்கலுக்குக் கட்டிய ஒரு துண்டு. இரண்டையும் மடித்து வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளவா? சைக்கிளை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

சரி, மாட்டுக்கென்றால் மாட்டுக்காரருக்கு என்றுதான் அர்த்தம். அவர் வீட்டை யோசியுங்கள். நல்ல மாடு, நாலு வருஷமாக யாரும் அணையவில்லை. ஒவ்வொரு ஊர் வாடியிலும் அவிழ்க்கிறார். ஊருக்கு ஒரு பீரோ. முதல் பீரோவில் சேலை, இரண்டாவதில் பத்திரம், மூன்றாவதில் இரண்டாவது பீரோவின் சாவி. நாலாவதை வைக்க இடமில்லாமல் தொழுவத்தில் நிறுத்துகிறார். ஆக, கடைசியில் மாட்டிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. மைக்காரர் சொன்னது பொய்யில்லை.

அண்டா இன்னொரு பக்கம். அலங்காநல்லூர், பாலமேடு வட்டாரத்தில் இத்தனை வருஷமாக அண்டாவாகக் கொட்டியிருக்கிறார்கள். வைகையில் அழகர் இறங்குகிற அன்று மொத்தக் கூட்டத்துக்கும் அதில் பானகம் கரைக்கலாம். ஆனால் அந்த ஊரில் கல்யாணம் என்றால் இன்னும் வாடகைப் பாத்திரக் கடைக்குத்தான் போகிறார்கள். அப்படியானால் அண்டாவெல்லாம் எங்கே? ஜெயித்த அண்டாவை அடுத்த வருஷம் நன்கொடையாகக் கொடுத்து, அது மறுபடி வேறொரு மாட்டுக்குப் போய், மொத்த மாவட்டத்திலும் நூறு அண்டாதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் சந்தேகம். அண்டாவின் அடியில் பெயர் வெட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. யாராவது கவிழ்த்துப் பாருங்கள்.

கார், டிராக்டர் என்று பெரிய பரிசும் இல்லாமலில்லை. அது முதலிடம் பிடித்த ஒரு வீரனுக்கும் ஒரு மாட்டுக்கும். மற்ற ஆயிரத்துச் சொச்சம் மாட்டுக்கும் நூற்றுக்கணக்கான பயல்களுக்கும் பாத்திரக்கடைச் சாமான்தான்.

இந்த இடத்தில் அக்கா மகன் வாயைத் திறந்தான். "மாமா, சியெனான்னு ஒரு ஊரு." அங்கே ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர் நடுச் சதுக்கத்தில் மண் கொட்டிக் குதிரை ஓட்டுகிறார்களாம். பெயர் பாலியோ. ஊரில் 17 பேட்டை. ஒரு ஓட்டத்துக்குப் பத்துப் பேட்டைக்குத்தான் இடம். சேணம் கிடையாது, மூன்று சுற்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக வருஷம் பூராவும் சண்டை. பேட்டைகளின் பெயரைக் கேளுங்கள்: நத்தை, ஆமை, கம்பளிப்புழு. குதிரைப் பந்தயம் விடுகிறவனுக்குக் கிடைத்த பெயர்! அதிலும் நத்தைப் பேட்டைக்கும் ஆமைப் பேட்டைக்கும்தான் பரம்பரைப் பகையாம்.

ஓட்டத்துக்கு முன்னால் குதிரையைச் சர்ச்சுக்குள்ளேயே கூட்டிப்போய் மந்திரிப்பார்கள். உள்ளே அது சாணி போட்டால் நல்ல சகுனம். ஓடுகிறபோது ஆள் கீழே விழுந்து குதிரை மட்டும் முதலில் வந்தாலும் வெற்றி வெற்றிதான். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "குதிரை தனியா வந்தாலே ஜெயிப்பாம்னா அந்த ஆளு எதுக்குடா?" அவனிடம் பதில் இல்லை. எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. மாடு ஜெயித்தது என்று ஒத்துக்கொள்ள நமக்கும் தெரியும், குதிரை ஜெயித்தது என்று ஒத்துக்கொள்ள சியெனாக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

பரிசு? ஒரு பட்டுத்துணி. படம் வரைந்த பட்டுக்கொடி. அவ்வளவுதான். "பீரோ இல்லியா?" என்றான் மச்சினன், நிஜமான வருத்தத்தோடு.

ஃப்ளாரன்ஸில் இன்னொரு கூத்து. ஜூன் மாதம் சாந்தா குரோச்சே சர்ச்சுக்கு முன்னால் மணல் கொட்டி, பக்கத்துக்கு 27 பேர், ஐம்பது நிமிஷம். பேருக்கு ஒரு பந்து இருக்கும், மற்றபடி குத்துச்சண்டை. மூக்கு உடையும், விலா உடையும். ஜெயித்தவனுக்குப் பரம்பரையாகக் கொடுத்த பரிசு கியானினா ஜாதி வெள்ளைக் கன்றுக்குட்டி. கவனியுங்கள்: நாம் மாட்டோடு மோதினவனுக்குக் கட்டில் கொடுக்கிறோம், அவன் மனுஷனோடு மோதினவனுக்கு மாடு கொடுத்தான். இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் சாமானை மாற்றிக்கொண்டு எல்லாரும் சௌகரியமாக இருந்திருக்கலாம்.

மச்சினனுக்கென்றே இருந்த ஒரு பரிசையும் அக்கா மகன் சொன்னான். 1909 முதல் நடக்கிற இத்தாலி சுற்று சைக்கிள் பந்தயம், பெயர் ஜிரோ. முதலில் இருப்பவனுக்கு ரோஸ் பனியன். பந்தயத்தை ஆரம்பித்த பத்திரிகையின் தாள் ரோஸ். 1946-லிருந்து சில வருஷம் கடைசியில் வருகிறவனுக்குக் கறுப்புப் பனியன் கொடுத்தார்களாம். லூயிஜி மலப்ரோக்கா என்ற ஒருத்தர் அதற்காகவே கடையிலும் கொட்டகையிலும் ஒளிந்து நேரத்தைப் போக்கிக் கடைசியாக வந்து சேர்ந்தார் என்று கதை. ஒளிவதற்காவது அவர் சைக்கிளில் ஏறினார். எங்கள் ஆள் பாத்ரூம் போகவே விளம்பர இடைவேளைக்குக் காத்திருக்கிறான்.

கால்பந்துக்கு வந்தபோது அக்கா மகன் முகம் சுண்டிவிட்டது. நாலு தடவை உலகக் கோப்பை வாங்கின நாடு, 2018-க்கும் 2022-க்கும் தகுதியே பெறவில்லை. அங்கே காப்பிக் கடையில் நிற்கிற ஒவ்வொருத்தனும் பயிற்சியாளர்தானாம். யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை உட்காரவைத்திருக்க வேண்டும் என்று சாயங்காலம் முழுக்க. "ஒருத்தனும் பந்தத் தொட்டதில்ல மாமா." நான் மச்சினனைப் பார்த்தேன். மச்சினன் டிவியைப் பார்த்தான்.

கோரிப்பாளையத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த மூன்று நாளும் இன்னொரு சத்தம் உண்டு. பலமான குத்து என்றால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருவார்கள். நெரிசலில் நகர முடியாமல் ஆம்புலன்ஸ் எங்கள் தெரு முனையில் நின்று கத்தும். டிவியில் ஒரு பயல் தென்னை நாரில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தான். "பயந்துட்டான். பயந்தா மாடு கண்டுபிடிச்சுரும்" என்றான் மச்சினன், வாயில் கரும்போடு. கீழே சைரன். "சத்தத்தைக் கூட்டு மச்சான், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றான். நியாயமாக அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பண்டிகை நாளும் அதுவுமாகப் பொண்டாட்டி தம்பியை என்ன சொல்வது? சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்க இறங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரி பக்கத்து டீக்கடையில் ஒரு பையன், கையில் புது மாவுக்கட்டு, சாயம் போன மஞ்சள் பனியன். நம்பரில் பாதி கிழிந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சில்வர் அண்டா. கூட வந்த மூன்று பேரும் செல்போனில் ஒரே வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். முதல் மாடு அண்டா கொடுத்ததாம். இரண்டாவது கையை எடுத்துவிட்டது. அந்த இரண்டாவதற்குப் பரிசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் சண்டை.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. மூணு துள்ளு இருக்கா இல்லையா?"

போனை வாங்கிப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். "ரெண்டுதான் தம்பி. மூணாவதுல கை திமில விட்டுருச்சு. இன்னும் கொஞ்சம் அணைஞ்சு போயிருக்கணும்" என்றேன்.

பையன் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தான். "நீங்க மாடு புடிச்சிருக்கீங்களாண்ணே?"

"இல்ல தம்பி."

"அப்ப இந்த அண்டாவையாவது புடிங்க. ஆட்டோ வந்துருச்சு."