ஓணானில் தொடங்கிய உத்தியோகம்

கேள்வி: உறுப்பு மாற்று விஷயத்தில் நம்மூர் விஞ்ஞானி யாராவது உண்டா? டாக்டர்களைக் கேட்கவில்லை. (சிதம்பரம்)

பதில்: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிச்சப்பன். ஆரம்பித்தது ஓணானில்! 1970களில் வி.ஆர். முத்துக்கருப்பனோடு சேர்ந்து, ஓணானின் தைமஸ் சுரப்பி எப்படி உருவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வேலி கல்லடி படுகிற பிராணிக்கு இவ்வளவு மரியாதையா என்று ஊரார் சிரித்திருக்கலாம். சிரிக்க வேண்டாம். 1961-ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டு வேறு எலியின் தோலை ஒட்டினார், சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளுகிறதென்றால், தள்ளுகிற டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது தைமஸ்தான்.

பிற்பாடு பிச்சப்பன் எச்.எல்.ஏ. பக்கம் போனார். நம் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளச் சரக்கு அது. சிறுநீரகம் கொடுப்பவரும் வாங்குபவரும் பொருந்துவார்களா என்று இதையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். தென்னிந்தியர்களின் எச்.எல்.ஏ.வுக்கும் காசநோய், தொழுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று இவர் தேடினார். இந்த மரபணுத் தேடல் கடைசியில் வரலாற்றில் கொண்டுபோய் விட்டது: உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற மிகப் பழைய மரபணுக் குறி கிடைத்தது, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்தவர்களின் தடயம். 'ஓணான் ஆராய்ச்சியால் என்ன பிரயோசனம்?' என்று கேட்கிற நிதிக் குழுக்கள் கவனிக்க.

கேள்வி: இங்கே கடல் உயிரியல் படித்தால் மீனோடுதான் மாரடிக்க வேண்டுமா? (பரங்கிப்பேட்டை)

பதில்: வேண்டியதில்லை. நோயெதிர்ப்பு இயலே கடற்கரைச் சரக்குதான். 1882-ல் சிசிலித் தீவின் மெசினாவில், மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் ஒரு முள்ளைச் செருகினார். கண்ணாடி மாதிரி உடம்பு அதற்கு. மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அந்நியப் பொருளை எதிர்க்கும் இந்தச் செல்களுக்காக 1908-ல் நோபல். உங்களுக்கு வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கருவேல முள்ளுக்கும் பஞ்சமில்லை.

கேள்வி: கிட்னி மாற்றியவருக்கு மொத்தம் எத்தனை கிட்னி? (புவனகிரி)

பதில்: பெரும்பாலும் மூன்று. பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைக்கிறார்கள். உழைப்பது என்னவோ ஒன்றுதான்; பல அலுவலகங்களில் நடப்பதுதான் இது.

கேள்வி: பொருத்தமே இல்லாத கணவன் மனைவி எப்படிச் சிறுநீரகம் கொடுத்துக்கொள்கிறார்கள்? (கடலூர்)

பதில்: ஜாதகமா, எச்.எல்.ஏ.வா? முதலாவது என் துறையில்லை. இரண்டாவது கூடப்பிறந்தவர்களுக்கே முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். தம்பதிகளைச் சேர்த்துவைத்தது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின். ஜப்பானில் சுகுபா மண்ணின் பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ். வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது இவை இரண்டுமே கையில் இல்லை என்பதை நினைத்தால் அந்த டாக்டர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. மாத்திரையைக் காலம் தவறாமல் விழுங்க வேண்டும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று நிறுத்துகிறவர்கள் திரும்ப டயாலிசிஸுக்கு வர நேரிடும்.

கேள்வி: கிட்னி மாற்றியவர் நண்டு சாப்பிடலாமா? (கிள்ளை)

பதில்: நன்றாக வெந்திருந்தால், டாக்டரும் தடுக்காவிட்டால், சாப்பிடலாம். பம்ளிமாஸ் வேண்டாம்; அதுவும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் ரத்தத்தில் மேலே சொன்ன மருந்துகளின் அளவை எக்குத்தப்பாக ஏற்றிவிடும்.

கேள்வி: குழந்தை பாதி அப்பா. தாயின் உடம்பு அதை மட்டும் ஏன் தள்ளுவதில்லை? (சிதம்பரம், கல்லூரி மாணவி)

பதில்: 1953-லேயே பீட்டர் மெடவார் கேட்ட கேள்வி. நஞ்சுக்கொடிச் செல்கள் வழக்கமான எச்.எல்.ஏ. அடையாளங்கள் பலவற்றை மறைத்துக்கொள்கின்றன என்பது பதிலில் ஒரு பகுதி. மீதியை நீங்கள் கண்டுபிடியுங்கள், மெடவாருக்கு வேறு விஷயத்துக்காக நோபல் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: என் உறுப்புகள் யாருக்குப் போனாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் போகக்கூடாது என்று எழுதிவைக்கலாமா? (கடலூர்)

பதில்: செல்லாது. மூளைச் சாவுக்குப் பிறகு தரும் உறுப்புகளைத் தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் அமைப்பு காத்திருப்போர் பட்டியல்படிதான் ஒதுக்கும். உறுப்பு தான அட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைக்காமல் வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் சம்மதக் கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.