மான் சீசனில் மாமாவுக்கு ஒரு கடிதம்

ஓ கிளேர், விஸ்கான்சின்
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,



போன வாரம் போனில், "அங்கேதான் ஆளாளுக்குத் துப்பாக்கி வைத்திருக்கிறானே, மானைச் சுடுவதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்? எதிரே நின்றால் நான்கூடத்தான் சுடுவேன்" என்றீர்கள். எதிரே நிற்காது மாமா, கதையே அங்கேதான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "இந்தா, அத்தையிடம் பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் ஊர் நிலவரம். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை இங்கே துப்பாக்கி சீசன் தொடங்கும். மொத்தம் 9 நாள். கைக்குழந்தை உட்பட 60 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஜனம் உள்ள மாநிலத்தில், ஐந்தரை ஆறு லட்சம் பேர் அந்த ஒன்பது நாளில் காட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். நம் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு எவனாவது வேலைக்கு வருவானா? அதே கதைதான். ஆபீசில் மீட்டிங் வைத்தால் நானும் புரொஜெக்டரும்தான் இருக்கிறோம்.

காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பில் போகிறார்கள். 1980-லிருந்து அது சட்டம். 2016-லிருந்து பளீர் ரோஸ் நிறத்துக்கும் அனுமதி உண்டு. "இப்படி உடுத்திக்கொண்டு போனால் மான் ஓடிவிடாதா?" என்று கேட்பீர்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியாகப் பிடிபடாது. அந்த உடுப்பு மனுஷனை மனுஷன் சுடாமலிருக்க. ஆனால் நீலம் மானுக்கு நன்றாகவே தெரியும். துணிக்கு வெளுப்பேற்றும் சோப்புத்தூளில் துவைத்தால் அந்தப் பளபளப்பும் தெரியும். விவரம் தெரிந்த வேட்டைக்காரன் அந்த மாதிரித் தூளைத் தொடமாட்டான். அத்தை சொட்டு நீலம் போட்டு வெளுத்த உங்கள் வேட்டியை இந்த ஊர் மான்கள் மாவட்ட எல்லையிலேயே கவனித்துவிடும்.

எனக்கு வாத்தியார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பால்பண்ணை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். நான் அவர்கூடப் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி, துப்பாக்கியைத் தொடவில்லை. இதை அத்தையிடம் அடித்துச் சொல்லுங்கள்.

கூட வரட்டுமா என்று கேட்டதற்கு அவர் முதலில் என் கோட்டை வாங்கி மோந்து பார்த்தார். பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் அதில் குடியிருந்தன. "சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மானுக்கும் இது தெரியும்" என்று சொல்லி, பல நாள் அதை வெளித் திண்ணையிலேயே தொங்கவிட வைத்தார். குளிக்க வாசனையே இல்லாத சோப்பு கொடுத்தார். தலைக்கு எண்ணெய் கூடாது, செண்ட் கூடாது, காட்டில் காபி கூடாது. மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுக்கு வந்தாலும் பாட்டிலில்தான். இத்தனை ஆசாரம் பார்க்கிற இதே ஜனங்களுக்குப் பெட்டை மானின் மூத்திரத்தைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள், ஆண்மானை இழுக்க. அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வேட்டையில் முக்கால்வாசி காற்று மாமா. பெரியவர் சட்டைப் பையில் ஒரு பஞ்சு வைத்திருக்கிறார். இங்கே காட்டோரம் முளைக்கிற மில்க்வீட் என்ற செடியின் காயிலிருந்து எடுத்தது. நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. கிள்ளினால் அதே பால், வெடித்தால் அதே பஞ்சு. அதில் ஓர் இழையைப் பிய்த்து விரலிலிருந்து விடுவார். அது மிதந்து போகிற வழியைக் கடைசிவரை பார்ப்பார். காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். நம் வாடை மானிடம் போகாத இடமாகப் பார்த்துத்தான் பரண். காற்று திரும்பிவிட்டால், எவ்வளவு நல்ல இடமானாலும் சத்தமில்லாமல் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இடம் பார்ப்பது இன்னொரு வித்தை. அவர் செப்டம்பரிலிருந்தே காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். ஆண்மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த மரம், குளம்பால் தரையைச் சீய்த்து மூத்திரம் விட்டு வைத்த இடம், படுத்து எழுந்த புல், புழுக்கை, தண்ணீருக்கு இறங்குகிற தடம், எந்தக் கருவாலி மரத்தடியில் இந்த வருஷம் கொட்டை அதிகம் என்று எல்லாவற்றையும் மனசில் குறித்துக்கொள்கிறார். யாரிடமும் சொல்லமாட்டார். வள்ளியிடம் வேடன் வேஷத்தில் வந்த முருகன், "இந்தப் பக்கம் மான் வந்ததா?" என்று கேட்டாரல்லவா? எங்கள் பெரியவர் அங்கே இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வேஷம் கலைந்திருக்கும். அசல் வேட்டைக்காரன் எவனும் மான் போன வழியை அடுத்தவரிடம் கேட்பதில்லை.

அப்புறம் உட்காருவது. இருட்டோடு போகவேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலேயே சுடலாம் என்பது சட்டம், அதற்குள் அசைவில்லாமல் அமர்ந்திருக்க வேண்டும். குளிர் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே. கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் வேர்க்கும், வேர்த்தால் உட்கார்ந்தபின் விறைக்கும், வாடையும் அடிக்கும். அதனால் கோட்டைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு போய், பரணேறிய பிறகே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறியதும் முதல் வேலை பாதுகாப்பு வார்களை மரத்தோடு பிணைப்பது. குண்டடி பட்டவர்களைப் போலவே பரணிலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவர்களும் இந்த ஊரில் உண்டு.

அன்று விடிந்து வெகுநேரம் கழித்து, எதிர்மேட்டின் உச்சியில் ஓர் ஆண்மான் வந்து நின்றது. இரண்டு பக்கக் கொம்புக் கிளைகளையும் சேர்த்து எண்ணினால் எட்டு. எனக்குக் காதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கினார், பார்த்தார், இறக்கிவிட்டார். மான் போயே போய்விட்டது. ஏன் என்று கண்ணால் கேட்டேன். "அதற்குப் பின்னால் என்ன இருந்தது?" என்று கிசுகிசுத்தார். வெறும் வானம். மானைத் தவறவிட்ட குண்டு மேட்டைத் தாண்டி எங்கே போய் விழும், யார் வீட்டு முற்றம், யார் பிள்ளை? குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது என்பது இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் பாடம். 1973 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து பிறந்தவர்கள் பொதுவாக அந்த வகுப்பில் தேறினால்தான் லைசென்ஸ். இவர் அதற்கு முன்னால் பிறந்தவர், வகுப்பு கட்டாயமில்லை. ஆனாலும் பேரனோடு போய் உட்கார்ந்து படித்தாராம்.

பிறகு ஒரு பெட்டை வந்தது. அதற்கான தனி அனுமதியும் அவரிடம் இருந்தது. அது நேரே எங்களைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. புல் மேய்வதுபோலத் தலையைத் தாழ்த்தியது. அப்பாடா என்று நான் மூச்சுவிடப் போன அதே நொடியில் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தது! நாம் அசைகிறோமா என்று பார்க்க அது போடுகிற நாடகம் மாமா. இரண்டு தடவை செய்தது. பெரியவர் இமைகூடக் கொட்டவில்லை. அது பக்கவாட்டில் முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சும் நுரையீரலும் இருக்கிற இடம் பார்த்து ஒரே வெடி. மான் பாய்ந்து மறைந்தது.

நான் இறங்கப் போனேன். அவர் என் தோளை அமுக்கினார். அதுவரை தொடவே விடாத காபி பிளாஸ்கை அப்போதுதான் திறந்தார். உடனே துரத்தினால் அடிபட்ட மான் பயத்தில் மைல் கணக்கில் ஓடும், விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். அரை மணி கழித்துப் பனியில் ரத்தம் பார்த்தோம். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பென்றால் ஈரல், இன்னும் காத்திருக்க வேண்டும். பச்சையாகி நாற்றம் வந்தால் குடல், பல மணி நேரம் பொறுக்க வேண்டும். இது நுரைத்த ரத்தம். கூப்பிடு தூரத்திலேயே கிடந்தது. குடலும் மூத்திரப் பையும் கிழிபடாமல் அங்கேயே சுத்தம் செய்தார். மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். மானின் மூளையைத் தின்கிற ஒரு நோய் 2002-லிருந்து இந்த மாநிலத்தில் இருப்பதால் கழுத்துச் சுரப்பியையும் சோதனைக்குக் கொடுத்தார். காட்டுமான் கறியை விற்கக்கூடாது, தின்னலாம், தானம் கொடுக்கலாம். சோதனை முடிவு நல்லபடி வந்ததும் என் பங்கை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்காவாக வறுத்தேன். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்க் குவளையைக் காலி செய்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

கொம்புப் பெருமையும் இங்கே உண்டு, நாடா வைத்து அளந்து மார்க் போடுகிறார்கள். 1914-ல் ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் இதே மாநிலத்தின் டான்பரி ஊர்ப்பக்கம் ஒரு மானைச் சுட்டார். பாடம்பண்ணக் கொடுத்த தலை, பாடம்பண்ணுகிற ஆளோடு ஊர் மாறிக் காணாமல் போயிற்று. பல பத்து வருஷம் கழித்து யாரோ பழைய சாமான் விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய கொம்பு அதுதான். அளந்தால் 206 மார்க், அன்றைக்கு அது உலக சாதனை! சுட்டவர் அவர்தான் என்று 1978-ல் ஒப்புக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர் கண்ணை மூடிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பெரியவர், "கொம்பை வேகவைக்க முடியாது" என்று முடித்துக்கொண்டார்.

ஆக, உங்கள் கேள்விக்குத் தீர்ப்பு இது. விசையை இழுப்பது ஒரு நொடி வேலை. மூக்கை ஏமாற்றவும், குளிரில் கல்லாகக் குந்தியிருக்கவும், கைக்கு வந்த மானைச் சுடாமல் விடவும் தெரிந்தவனே வேட்டைக்காரன். பேச்சும் பொடியும் இல்லாமல் கால் மணி நேரம் இருக்க உங்களால் முடியாது என்பதால், பரீட்சை வைக்காமலே உங்களைத் தள்ளிவிட்டேன், மன்னிக்கவும். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று கிளம்பிவிடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி கம்பி எண்ணவேண்டும்.

அடுத்த வருஷம் நீங்களும் அத்தையும் அவசியம் இங்கே வரவேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஊர் மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், அதன் அடிப்பக்கம் சுத்த வெள்ளை. அதனால் சீசனில் காட்டுப்பக்கம் வெள்ளைக் கைக்குட்டையைக்கூட யாரும் வெளியே எடுப்பதில்லை. நவம்பரில் வருவதானால், காலை நடைக்கு அந்த மல்லு வேட்டி வேண்டாம். ஆரஞ்சுச் சட்டை நான் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்
கண்ணன்