கரெக்‌ஷன் அண்ணன்

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வட்டாரத்து டீக்கடை வாசல்களில் காலை பத்து மணிக்குமேல் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கும். மறுகை காற்றில் ஃபிரேம் வைத்துக்கொண்டிருக்கும். பல படங்களின் டைட்டிலில் ‘கதை விவாதம்’ என்ற வரிக்குக் கீழே அவர் பெயர் ஓடியிருக்கிறது. படங்கள் ஓடினவா என்று கேட்பது நாகரிகமில்லை.

உதவி இயக்குநர்கள் அவரிடம் ‘லைன்’ சொல்ல வருவார்கள். லைன் என்பது முழுப் படத்தையும் இரண்டு மூன்று வாக்கியத்துக்குள் அடக்குவது. தயாரிப்பாளர் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். எங்கே சொல்வதானாலும் முதலில் அண்ணனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுவது வட்டார வழக்கம்.

“அண்ணே, ஒரு கிராமத்துப் போஸ்ட்மேன். ரிட்டயர் ஆக ஒரு வாரம்தான் இருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவர் கொண்டுபோய்க் கொடுக்காம விட்ட ஒரு லெட்டர்...”

“ஒரு நிமிஷம் தம்பி. ஹீரோ யாரு?”

“போஸ்ட்மேன்தாண்ணே.”

“அறுபது வயசா?”

“ஆமாண்ணே.”

“லைன் பிரமாதம். சின்னதா ரெண்டே ரெண்டு கரெக்‌ஷன்.”

அந்த ‘ரெண்டே ரெண்டு’க்குத் தம்பிகள் நடுங்குவார்கள். டீ ஆறுவதற்குள் போஸ்ட்மேனுக்கு இருபத்தெட்டு வயதாகி, அவர் மாறுவேடத்தில் இருக்கும் போலீஸ் அதிகாரி என்று தெரியவரும். கடிதம் பென்டிரைவாகிவிடும். கிராமம் இருந்த இடத்தில் துறைமுகம் வந்து, கன்டெய்னர்கள் வெடிக்கும்.

“அப்ப அந்த போஸ்ட்மேன் எங்கண்ணே?”

“அவர்தான் ஹீரோவோட அப்பா. இன்டர்வெல்ல செத்துர்றாரு. எமோஷன் வேணும்ல?”

அண்ணனிடம் இதற்கென்றே நிரந்தர ஆயுதங்கள் உண்டு. முதலாவது, “இன்டர்வெல் பிளாக் என்ன?” திரைக்கதையை மூன்று அங்கமாகப் பிரிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சிட் ஃபீல்ட் 1979-இல் புத்தகம் எழுதினார். அண்ணன் ஒப்புக்கொள்வதில்லை. “அவங்க ஊர்ல பாப்கார்ன் வாங்க நடுவுல விடுறதில்ல தம்பி, அதனால மூணு. நம்மளுக்கு ரெண்டுதான்.” இதை எதிர்த்து வாதிட யாருக்கும் இதுவரை வழி தெரியவில்லை.

இரண்டாவது, “செகண்ட் ஹாஃப் லேக் அடிக்குதே!” கதையே மூன்று வாக்கியம்தான். அதில் கடைசி ஒன்றரை வாக்கியம் இழுக்கிறதாம்.

மூன்றாவது, “இது கொரியன் படமாச்சே.” என்ன படம் என்று கேட்டால் பெயர் வாயிலேயே நிற்கிறது என்பார். ஒருபோதும் வெளியே வந்ததில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் தம்பியின் தூக்கம் ஒரு மாதத்துக்குப் போய்விடும். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைத்த தன் கதை கொரியாக்காரனுக்கு எப்படிப் போனது என்று அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான்.

குறும்புக்காரத் தம்பிகள் சிலர், வெளிவந்த படங்களின் லைனையே பெயர் சொல்லாமல் அவரிடம் விட்டுப்பார்ப்பதுண்டு.

“கிராமத்துப் பொண்ணு. அவளை விரும்புற ஹீரோ கால் இழுத்து இழுத்து நடப்பான். கோவணம், வெத்தலைச் சாறு ஒழுகுற வாய்...”

“ஹீரோவுக்குக் கோவணமா? எந்த நடிகன்டா ஒத்துக்குவான்?” கமல்ஹாசன் ஒத்துக்கொண்டார், 1977-இல் ‘16 வயதினிலே’ வந்தது.

“ஜெயில்லேர்ந்து வந்தவன், பொறந்ததுலேர்ந்து பார்க்காத மகளைப் பார்க்கப் போறான். ஒரே ராத்திரி, ஒரு லாரி. பாட்டு கிடையாது, ஹீரோயின் கிடையாது.”

“ஹீரோயின் இல்லாம தீபாவளிக்கு எவன் வருவான்?” 2019 தீபாவளிக்கு ‘கைதி’ வந்தது. ஜனமும் வந்தது.

“முதல் சீன்லயே ஹீரோ சுடப்பட்டுச் சாகுறான். அவன் தேசத்துரோகி. பாட்டே இல்ல.”

“தம்பி, நீ வேற வேலை பாரு.” 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘அந்த நாள்’ அது.

ஆனாலும் அண்ணனைச் சும்மா கேலி செய்துவிட முடியாது. ‘அந்த நாள்’ வெளியானபோது வசூலில் தோற்றது. பாட்டில்லாமல் ஜனம் வராது என்று அவர் பயப்படுவதில் பாதி நியாயம் உண்டு. தம்பிகளின் டீக்காசும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான் போகிறது. எப்போதாவது, வாய்தவறி என்றே சொல்லலாம், ஒரு நல்ல கேள்வியும் வந்து விழும்: “சரி, உன் ஆளுக்கு என்னதான்டா வேணும்? அதுக்கு யாரு குறுக்க நிக்கிறா?” தம்பி வாயடைத்துப் போவான்; அவன் கதையில் ஓட்டை அங்கேதான் இருக்கும். அதோடு அண்ணன் நிறுத்தியிருந்தால் தமிழ் சினிமாவுக்கு எவ்வளவோ நல்லது. மறு நிமிடமே பதிலையும் அவரே சொல்லி, வில்லனுக்கு ஹெலிகாப்டரும் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அண்ணனிடமும் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பைண்டு செய்து பல வருடமாகப் பையில் சுமக்கிறார். ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்த வேளையில் மெல்ல ஆரம்பித்தார். “ஒரு ஊர்ல ஒரு வயசான கூத்துக் கலைஞர்...” எதிரே இருந்த தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். “அண்ணே, ஒரு நிமிஷம். ஹீரோ யாரு?”

தமிழ் சினிமாவில் கதை கேட்கத் தெரிந்த ஒரே மனிதர் டி.எஸ். பாலையா. 1964-இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியான நாகேஷ் அவரை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்வார். கதை என்று அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஓசைதான் அதிகம். பாலையா ஹீரோ யாரென்று கேட்கவில்லை. இன்டர்வெல்லைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டபடியே பயந்தார், அவ்வளவுதான். எங்கே பயம் வருகிறது, எங்கே வரவில்லை என்பதைச் சொல்கிறவனுக்கு அந்த முகமே காட்டிக்கொடுத்தது. அதைவிட நேர்மையான விமர்சனம் எந்தக் கதை விவாதத்திலும் கிடைக்காது.

ஆகவே, உங்களிடம் யாராவது “ஒரு லைன் சொல்லவா?” என்று வந்தால் ஐயா, அம்மா, தயவுசெய்து முற்றுப்புள்ளி வரைக்கும் கேளுங்கள். பிடித்த இடத்தையும் புரியாத இடத்தையும் சொல்லுங்கள். கரெக்‌ஷனை அவரே செய்துகொள்வார். போஸ்ட்மேனை மட்டும் கொன்றுவிடாதீர்கள்.