மூவாயிரம் பவுண்டும் ஒரு பூட்டிய பெட்டியும்

2000-ஆம் வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில், அக்காவும் நானும் மதுரையில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பார்க்கப் போனோம். எனக்குப் பத்தொன்பது வயது, அக்காவுக்கு இருபத்தைந்து. படம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் படத்தின் மீனாட்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பாரதியைச் சொல்லித் திரிகிற பெண், அதே பாரதியோடு வந்து சேர்கிற ஸ்ரீகாந்த், ரஹ்மானின் பாட்டு. வாழ்க்கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் பெட்டியைத் திறக்கிறப்ப அவங்க அம்மா முகத்தைப் பார்த்தியாடி?”

நான் பார்க்கவில்லை.

படத்தில், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் பேச்சிழந்து படுக்கையில் கிடக்கிறார் தாத்தா. அவரைப் பார்த்துக்கொள்வது மகள் பத்மாவும் அவளுடைய மூன்று பெண்களும். பூட்டிக் கிடக்கும் பெட்டிக்குள் உயில் இருக்கிறது. அதில் சொத்து முழுவதும் மகன் பேருக்கு. பணிவிடை செய்தவர்கள் வீட்டை விட்டுச் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். அன்றைக்கு எனக்கு அது கதை நகர்வதற்கான ஒரு காரணம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு பெட்டி இருந்தது. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தார். 1998-இல் ஒரு திங்கட்கிழமை அது கதவைச் சாத்தியது. டெபாசிட் ரசீதுகளை மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி நிறையப் பேர் நின்றார்கள். முதலீட்டாளர்களைக் காப்பதற்கென்றே 1997-இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்தது, எங்கள் பணம் வரவில்லை. அக்கா கல்யாணம் தள்ளிப்போனது. அவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போய் வீட்டு வாடகையைக் கட்டினாள். படத்தில் மூத்த பெண் சௌம்யா டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து புரோகிராமர் ஆவதை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

படத்துக்கு மூலம் ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்று எனக்கு முன்பே தெரியும். படித்தது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். காதல் கதை என்று நம்பித் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் கணக்கு, இரண்டாம் அத்தியாயத்திலும் கணக்கு.

அந்த இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாகும் தருவாயில் தகப்பனார், முதல் தாரத்து மகன் ஜானிடம், உன் சிற்றன்னையையும் தங்கைகள் மூவரையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஜான் நல்லவன்தான். தங்கைக்கு ஆயிரம் வீதம் மூவாயிரம் பவுண்டு கொடுப்பதாக மனசுக்குள் முடிவு செய்கிறான். மனைவி பேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் குழந்தைக்குச் சேர வேண்டியது அல்லவா என்கிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. பிறகு மொத்தமாக எதற்கு, அம்மாவுக்கு வருஷத்துக்கு நூறு கொடுக்கலாம் என்று வருகிறது. ஆண்டுத்தொகை வாங்குகிறவர்கள் லேசில் சாகமாட்டார்கள், அது தீராத தொல்லை என்று அதற்கும் ஒரு தடை. சரி, எப்போதாவது ஐம்பது. கடைசியில் வீடு மாற ஒத்தாசை செய்வது, பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும் அனுப்புவது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகும் அந்த அம்மாள் எடுத்துப்போகும் பீங்கான் பாத்திரங்கள் மேல் பேனிக்கு ஒரு கண். ஒரு சொல்லில்கூடக் குரல் உயரவில்லை. இருவரும் தங்களை நியாயஸ்தர்களாகவே நினைக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் வயிறு எரிகிறது. பங்காளிகள் கூடத்தில் உட்கார்ந்து, “அவளுக்குத்தான் நகை போட்டாச்சே” என்று தொடங்குகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டாம்.

ராஜீவ் மேனன் இயக்கிய படத்தில் இந்தப் பேரம் இல்லை. பெட்டியும் உயிலும் ஒரே வீச்சில் வேலையை முடித்துவிடுகின்றன. நல்லவன் ஒருவன் ஒவ்வொரு படியாக இறங்கி ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்து சேர்வதுதான் ஆஸ்டினின் நகைச்சுவைக்கு உயிர். படம் இழந்ததில் பெரிய இழப்பு இதுதான் என்பேன். சுஜாதா வசனம் எழுதிய படம்; அந்தப் பேரத்தை அவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன். நாவலின் லூசி ஸ்டீலும் போய்விட்டாள். எட்வர்டுடன் தனக்கு ரகசிய நிச்சயம் ஆகியிருப்பதை, அவனைக் காதலிக்கும் மூத்த பெண் எலினாரிடமே சொல்லி, அவள் வாயையும் கட்டிவிடுகிற கெட்டிக்காரி அவள். படத்தில் சௌம்யாவின் காதலன் மனோகருக்கு அப்படி எந்த ரகசியமும் கிடையாது, சினிமா எடுத்தாக வேண்டும் என்கிற லட்சியம்தான் தடை.

ஆனால் ஒரு மாற்றத்துக்குக் கைகூப்ப வேண்டும். நாவலில் எலினாரின் தங்கை மேரியான் காதலிக்கும் வில்லபி, கர்னல் பிராண்டன் வளர்த்த பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டவன். பிறகு ஐம்பதாயிரம் பவுண்டு உள்ள பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். படத்தின் ஸ்ரீகாந்த் நிதி நிறுவனம் நடத்துகிறான். அது திவாலாகிறது. ஜனங்கள் வாசலில் நிற்கிறார்கள். கடனை அடைக்க முன்வருகிறவரின் மகளைக் கட்ட அவன் சம்மதிக்கிறான். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்துப் பாவம் ஒன்றை எடுத்துவிட்டு, தொண்ணூறுகளின் தமிழ்நாடு நன்றாக அறிந்த பாவத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். இருநூறு வருஷத்து நாவலை நம் ஊருக்குக் கொண்டுவருவது என்றால் இதுதான். அதற்கு மாறாக, ஸ்காட்லாந்துக் கோட்டையில் எடுத்த பாட்டு எனக்கு இப்போது ஒட்டவில்லை. ஆஸ்டினின் பெண்கள் போய்ச் சேர்ந்தது நான்கு படுக்கையறை கொண்ட வாடகைக் குடிலுக்கு.

சென்ற வருஷம் அக்கா வீட்டில் படத்தை மறுபடி பார்த்தோம். மீனாட்சி வரும் காட்சிகளில் நான் அவசரப்பட்டேன். சௌம்யா வந்தால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ராசியில்லாதவள் என்று ஊர் பேர் வைத்த பெண். வீட்டுக் கணக்கையும் தங்கையின் அழுகையையும் தலையில் போட்டுக்கொண்டு, தன் பங்குக்கு அழ நேரமில்லாதவள். நாவலின் எலினார், எட்வர்டுக்குக் கல்யாணமாகவில்லை என்று தெரிந்ததும் அறையை விட்டு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுகிறாள். படத்தில் சௌம்யாவாக வரும் தபு மனோகரின் எதிரிலேயே உடைந்து அழுகிறார். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. அக்காவைப் பார்த்தேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள்.

இருபத்தேழு வயதான பெண்ணுக்கு இனிக் காதல் ஏது என்று நாவலில் மேரியான் சொல்வாள். அவளுக்கு அப்போது பதினேழு. அக்காவுக்கு முப்பதில்தான் கல்யாணம் ஆயிற்று. நன்றாக இருக்கிறாள்.

மறுபடி அந்த உயில் பெட்டிக்கு வருகிறேன். பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, படம் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பு. ஆனால் ஒருவர் தானே சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் வைக்கலாம், அன்றும் இன்றும். அந்தப் பெட்டி இன்னும் பல வீடுகளில் பூட்டியே இருக்கிறது.

ஆஸ்டினுக்குச் சொத்தில்லாத பெண்களின் பாடு படித்துத் தெரிந்ததல்ல. 1805-இல் அப்பா இறந்ததும் அவரும் அக்கா கசாண்ட்ராவும் அம்மாவும் சகோதரர்கள் கொடுக்கும் பணத்தை நம்பி வாழ்ந்தார்கள். 1809-இல்தான் சாட்டன் கிராமத்தில் ஒரு சகோதரர் கொடுத்த வீட்டில் கால் ஊன்றினார்கள். 1811-இல் இந்த நாவலைத் தன் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். அதில் அவர் பெயர் இல்லை, ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தது. 1813-இல் கடற்படையிலிருந்த அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாப் பிரதிகளும் விற்றுவிட்டன, தனக்கு 140 பவுண்டு கிடைத்தது என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்.